பெரியாஸ்பத்திரி – 11: மண்ணீரலில் கண்ட உயிர்

கொய்னா கொடுத்தும் அடங்காத காய்ச்சல் ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்தையும் அஸ்ஸாமையும் தின்றுகொண்டிருந்தது. மாதக்கணக்கில் விட்டுவிட்டு அடிக்கும். கை கால் குச்சியாகும், வயிறு மட்டும் முன்தள்ளும். இடப்பக்க விலாவுக்குக் கீழே கை வைத்தால் மண்ணீரல் கெட்டியாகத் தட்டுப்படும். சிலருக்கு அது தொப்புளையும் தாண்டி இறங்கியிருக்கும். தோல் கறுத்துப்போகும். கடைசியில் சீதபேதியோ நிமோனியாவோ வந்து ஆளை முடித்துவிடும். பிடித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கவில்லை. அஸ்ஸாமில் இதற்குக் காலா அஸார் என்று பெயர். காரோ மலை மக்கள் 'சர்க்கார் நோய்' என்றார்கள். வெள்ளைக்கார ஆட்சியோடு சேர்ந்து வந்த நோய் என்பது அவர்கள் கணக்கு. பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகக் காலியானது. நௌகாங் மாவட்டத்தின் ஜனத்தொகை, 1901 கணக்கெடுப்பில் பத்தாண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது.

அரசாங்கம் ஒருவர் பின் ஒருவராக ஆள் அனுப்பியது. 1889-ல் போன கைல்ஸ், கொக்கிப்புழுதான் காரணம் என்று அறிக்கை எழுதினார். 1896-ல் போன லியனார்டு ராஜர்ஸ், கடுமையாகிப்போன மலேரியா என்றார். 1898-ல் ரொனால்டு ராஸ் போனார். அதற்கு முந்தைய ஆண்டுதான் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். அவரும் மலேரியாவின் பக்கமே சாய்ந்தார். 1902-ல் பெண்ட்லி, இது மால்டா காய்ச்சல் என்றார். நால்வருமே கெட்டிக்காரர்கள். ஆனால் இந்தக் கிருமி விரல் நுனி இரத்தத்தில் அபூர்வமாகத்தான் தென்படும். அது குடியிருக்கும் இடம் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை. அதைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டும் சாயமும் 1900-ஐ ஒட்டித்தான் சோதனைச்சாலைகளில் புழக்கத்துக்கு வந்தது.

இந்தப் புதிர் அவிழ்ந்த இடங்களில் ஒன்று நம்முடைய சென்னைப் பெரியாஸ்பத்திரி, அதாவது ஜெனரல் ஆஸ்பத்திரி. கோட்டைக்குள் 1664-ல் நோயாளிச் சிப்பாய்களுக்காக ஒரு சிறிய வீட்டில் தொடங்கி, 1772-ல் இன்றைய இடத்துக்கு வந்து, 1835 பிப்ரவரியில் தன் பக்கத்திலேயே ஒரு மருத்துவப் பள்ளியையும் பெற்றுக்கொண்ட ஆஸ்பத்திரி இது என்பதை இந்தத் தொடரின் முதல் அத்தியாயங்களில் பார்த்தோம். 1850-ல் பள்ளி கல்லூரியானது. 1875-ல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் அதில் நுழைந்ததைச் சென்ற அத்தியாயம் சொன்னது. இந்த அத்தியாயம் 1903-க்கு வருகிறது.

கல்லூரியும் ஆஸ்பத்திரியும் ஒரே வளாகத்தில் இருந்தது ஏதோ கட்டட வசதிக்காக மட்டும் அமைந்ததல்ல. கல்லூரியில் பாடம் எடுக்கும் பேராசிரியரே ஆஸ்பத்திரியில் வார்டு பார்க்கும் டாக்டராகவும் இருப்பார். காலையில் படுக்கை படுக்கையாகச் சுற்றி வருவார். மாணவர்கள் பின்னால் வருவார்கள். அந்தப் படுக்கையில் இருந்தவர் இறந்துபோனால் பிணவறையில் உடலை அறுத்து, தான் சொன்ன நோய்தானா என்று பார்ப்பார். அங்கிருந்து எடுத்த துணுக்கைக் கல்லூரி மேசையில் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைப்பார். வார்டு, பிணவறை, மைக்ராஸ்கோப் மூன்றும் சில நிமிட நடைக்குள். உலகத்தின் பெரிய மருத்துவப் பள்ளிகள் பலவும் வளர்ந்தது இந்த நெருக்கத்தால்தான் என்று நான் நினைக்கிறேன். மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருப்பதை நாம் இன்று சட்டத்தின் தேவையாக மட்டும் பார்க்கிறோம். 1903-ல் சென்னையில் நடந்ததைப் படிக்கும்போதுதான் அந்த நெருக்கத்தின் முழு அர்த்தம் தெரிகிறது.

அப்படிப்பட்ட ஒரு பேராசிரியர்தான் சார்லஸ் டோனவன். ஐரிஷ் குடும்பம், பிறந்தது 1863-ல், கல்கத்தாவில். தகப்பனார் இந்தியாவில் நீதிபதியாக இருந்தவர். பையனைப் படிப்புக்காக அயர்லாந்துக்கு, தாத்தா வீட்டுக்கு அனுப்பினார்கள். டப்ளின் டிரினிடி கல்லூரியில் மருத்துவம் முடித்து, 1891-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து திரும்பி வந்தார். பர்மாவிலும் தென்னிந்தியாவின் பல ஊர்களிலும் வேலை பார்த்துவிட்டு, 1898-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியரானார். ஜெனரல் ஆஸ்பத்திரியில் வார்டு பொறுப்பும் சேர்ந்தே வந்தது. அன்றைக்குக் கல்லூரியின் பெரிய பதவிகள் எல்லாம் இந்திய மருத்துவப் பணி அதிகாரிகளுக்கே போகும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள். ஒரு இந்தியர் அந்தக் கல்லூரியின் முதல்வராக உட்கார 1939 வரை, ஆ. இலட்சுமணசாமி முதலியார் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த அநீதியைச் சொல்லாமல் டோனவனின் கதையைச் சொல்வது முறையல்ல. அந்தப் பெரிய பதவிகளில் உட்கார்ந்தவர்களில் அவர் தன் வேலையை உண்மையாகச் செய்தவர் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சென்னையில் காலா அஸார் இருப்பதாக அப்போது யாரும் பேசவில்லை. ஆனால் கோட்டைக்கு வடக்கே இருந்த கறுப்பர் நகரத்திலிருந்து, அதாவது 1906-ல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றப்பட்ட நெருக்கமான தெருக்களிலிருந்து, வீங்கிய வயிறோடும் நீண்டநாள் காய்ச்சலோடும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கேஸ் சீட்டில் 'நாள்பட்ட மலேரியா' என்று எழுதப்படும். கொய்னா கொடுக்கப்படும். காய்ச்சல் தணியாது. பலர் வார்டிலேயே இறப்பார்கள்.

1903 ஏப்ரல் 9 அன்று, அப்படி மலேரியா என்ற பெயரில் இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதித்தபோது, மண்ணீரலிலிருந்து எடுத்து ஸ்லைடில் தேய்த்த பூச்சில் டோனவன் விசித்திரமான சில உருண்டைகளைப் பார்த்தார். நீளுருண்டையானவை, மிகச் சிறியவை. ஒரு இரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு சுமார் 7 மைக்ரான். இவை 2 அல்லது 3 மைக்ரான்தான். மலேரியாக் கிருமி இல்லை என்பது மட்டும் நிச்சயம். அதன்பின் வேறு உடல்களிலும் பார்த்தார். ஆனால் இவை உயிருள்ள பொருளா, அல்லது சென்னை வெயிலில் உடல் கெடத் தொடங்கும்போது திசுக்கள் சிதைந்து உண்டாகும் குப்பையா என்பதைப் பிணத்தை வைத்துச் சொல்ல முடியாது. எழுதி அனுப்பியிருக்கலாம், அவர் அனுப்பவில்லை. பின்னாளில் முதலில் கண்டவர் யார் என்ற தகராறு வந்தபோது இந்தத் தயக்கம் அவருக்கு நஷ்டமாகத்தான் முடிந்தது. ஆனாலும் அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். சந்தேகம் தீராத ஒன்றை அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருந்தது ஒரு நல்ல ஆசிரியரின் குணம்.

அதே காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தின் தென்கரையில் நெட்லி என்ற இடத்தில் இருந்த இராணுவ மருத்துவப் பள்ளியில் வில்லியம் லீஷ்மன் என்பவரும் இதே உருண்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதுவும் ஒரு பள்ளியும் ஆஸ்பத்திரியும் சேர்ந்த இடம்தான். கல்கத்தா அருகே டம்டம் பாசறையில் காய்ச்சல் வாங்கிக்கொண்டு வந்த ஒரு சிப்பாய் 1900-ல் அங்கே இறந்தான். அவன் மண்ணீரலில் லீஷ்மன் பார்த்தது இதையேதான். மூன்று வருஷம் அதற்குப் பொருள் புரியவில்லை. பிறகு 1903-ல் ஒரு வெள்ளெலிக்கு ட்ரிப்பனோசோம் என்ற கிருமியை ஏற்றி, அது செத்து இரண்டு நாள் ஆனபின் அதன் மண்ணீரலைப் பார்த்தபோது, கிட்டத்தட்ட அதே உருண்டைகள் தெரிந்தன. ட்ரிப்பனோசோம் செத்து உருக்குலையும்போது இப்படி ஆகிறது, ஆகவே டம்டம் சிப்பாயைக் கொன்றதும் ட்ரிப்பனோசோமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். மே 30 தேதியிட்ட பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளியானது.

அந்த இதழ் கப்பலில் சூயஸ் வழியாக வந்து, பம்பாயில் இறங்கி, ரயிலேறிச் சென்னை வந்து சேர்ந்தது. படித்தவுடன் டோனவனுக்கு ஏப்ரல் மாத ஸ்லைடுகள் ஞாபகம் வந்திருக்கும். கூடவே ஒரு கேள்வியும். லீஷ்மன் சொல்வதுபோல் இவை செத்துச் சிதைந்த கிருமிகள் என்றால், உயிரோடு இருக்கும் நோயாளியின் மண்ணீரலில் இவை இந்த உருவத்தில் இருக்கக் கூடாது. நீண்டு நெளியும் ட்ரிப்பனோசோம்தான் இருக்க வேண்டும். ஆக, உயிரோடு இருக்கும் ஒருவரின் மண்ணீரலைப் பார்த்தால் விஷயம் தீர்ந்துவிடும். நெட்லியில் லீஷ்மனிடம் இருந்தது இறந்துபோன சிப்பாயின் ஸ்லைடு மட்டும். டோனவனுக்கோ, பாடம் நடத்தும் அறைக்கு அடுத்த கட்டடத்தில், வார்டு நிறைய அந்தக் காய்ச்சல்.

ஜூன் 17. லண்டனில் இதழ் அச்சாகி 18 நாள்தான் ஆகியிருந்தது. வார்டில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும் காய்ச்சல், வீங்கிய மண்ணீரல். விரல் இரத்தத்தில் மலேரியாக் கிருமி இல்லை. டோனவன் அவன் மண்ணீரலில் ஊசி போட்டு இரத்தம் எடுத்தார்.

இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. மண்ணீரல் என்பது இரத்தம் ஊறி நிற்கும் மிருதுவான உறுப்பு. நோயில் வீங்கும்போது அதன் மேலுறை இழுபட்டு மெலிந்திருக்கும். ஊசி உள்ளே இருக்கும்போது நோயாளி இருமினாலோ திமிறினாலோ உறை கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் கொட்டிவிடும். வெளியிலிருந்து எதுவும் செய்ய முடியாது. அதனால் நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றைத் தளர்த்தச் சொல்லி, மூச்சை அடக்கச் சொல்வார்கள். விலா ஓரத்துக்குக் கீழே தோலைத் துடைத்துவிட்டு, ஊசியை ஒரே நேராக இறக்கி, பிஸ்டனை ஒரு இழுப்பு இழுத்து, வந்த வழியிலேயே உடனே எடுத்துவிட வேண்டும். எல்லாம் சில நொடி. மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடப்பது பெரியவர்களுக்கே எளிதல்ல. வெள்ளைக்கார டாக்டரும் மாணவர்களும் சூழ்ந்து நிற்க, ஒரு சிறுவன் அப்படிக் கிடந்தான். அவனிடமோ அவன் வீட்டாரிடமோ இன்றைய பொருளில் சம்மதம் கேட்கும் வழக்கம் அன்று பொதுவாக இல்லை. ஏழைகள் பெரியாஸ்பத்திரியை நினைத்துப் பயந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பயம் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட என்னால் முடியவில்லை.

ஊசி முனையில் வந்த சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டின் விளிம்பால் மெல்லிசாகத் தேய்த்துக் காயவிட வேண்டும். பிறகு ரோமனோவ்ஸ்கி வகைச் சாயம்: நீலமும் சிவப்பும் கலந்தது. சாயத்தைக் கழுவி, ஒரு துளி செடார் எண்ணெய் விட்டு, பெரிய லென்சை அதில் தொடும்படி இறக்கி, கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பினால், வட்டத்துக்குள் மண்ணீரலின் பெரிய உயிரணுக்கள் தெரியும். அவற்றின் உள்ளேயும் வெளியேயும் அந்த உருண்டைகள். வெளிர்நீல உடல்; அதில் சிவந்த ஊதா நிறத்தில் ஒரு உட்கரு; அதற்குப் பக்கத்தில் இன்னும் அழுத்தமான நிறத்தில் சின்னக் கோடு ஒன்று. இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் இதன் அடையாளம். மருத்துவ மாணவர்கள் இன்றும் தேர்வில் படம் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

பிணத்தில் பார்த்த அதே உருவம், உயிருள்ள சிறுவனிடமும் இருந்தது. ஆகவே அது சிதைந்த குப்பை இல்லை, செத்த ட்ரிப்பனோசோமும் இல்லை. உடலுக்குள் இந்த உருவத்திலேயே வாழும் ஒரு கிருமி. அஸ்ஸாமுக்குப் போன அத்தனை பேரின் கண்ணிலும் படாதது, சென்னை வார்டு ஒன்றில் பிடிபட்டுவிட்டது.

டோனவன் உடனே எழுதினார். ஜூலை 11 தேதியிட்ட அதே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவருடைய குறிப்பு வெளியானது. அதில் அந்தப் பையனுக்கு வயது மட்டும்தான் உண்டு. பெயர், தெரு, அப்பா அம்மா எதுவும் இல்லை. உலகப் பாடப்புத்தகங்களில் ஏறிய ஒரு கண்டுபிடிப்பின் பாதிப் பங்கு அவனுடையது என்றே நான் எண்ணுகிறேன். மருத்துவ வரலாற்றில் ஏழை நோயாளிகளின் இடம் பெரும்பாலும் இப்படித்தான் விடுபட்டுப் போயிருக்கிறது. சென்னையில் மட்டும் நடந்ததல்ல.

இனிப் பெயர் வைக்கும் சண்டை. டோனவன் தன் ஸ்லைடுகளைப் பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த லவெரானுக்கும், லிவர்பூலில் இருந்த ராஸுக்கும் அனுப்பினார். மலேரியாக் கிருமியை முதலில் கண்டவர் லவெரான். கொசுவில் அதைக் கண்டவர் ராஸ். உலகத்தில் இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல இவர்களைவிடப் பெரிய ஆள் அப்போது கிடையாது. லவெரானும் அவருடைய சகா மெனிலும், இது கால்நடைகளைத் தாக்கும் பைரோபிளாஸ்மா இனத்தைச் சேர்ந்தது என்று நினைத்து, பைரோபிளாஸ்மா டோனவனி என்று பெயரிட்டார்கள். ராஸ் ஒத்துக்கொள்ளவில்லை. இது இதுவரை அறியப்படாத புது இனம் என்றார். இதற்குள் லீஷ்மனுக்குப் பெருமையா, டோனவனுக்குப் பெருமையா என்று இரு பக்கமும் கட்சி கட்டத் தொடங்கியிருந்தார்கள். லீஷ்மன் முதலில் அச்சேற்றியவர். ஆனால் அதைச் செத்த ட்ரிப்பனோசோம் என்றார். டோனவன் தானாகவே முன்னதாகப் பார்த்தவர். உயிருள்ள உடலில் நிரூபித்தவரும் அவர்தான், ஆனால் எழுதியது பின்னால். 1903 நவம்பரில் ராஸ் தீர்த்துவைத்தார்: இனத்துக்கு லீஷ்மனின் பெயர், வகைக்கு டோனவனின் பெயர். லீஷ்மேனியா டோனவனி. நோயாளியின் உடலில் காணும் உருண்டைகளுக்கு லீஷ்மன்–டோனவன் உருண்டைகள். இந்தத் தீர்ப்பு நியாயமானது. தீர்ப்புச் சொன்ன ராஸும் 1881-ல் இந்திய மருத்துவப் பணியின் சென்னைப் பிரிவில் சேர்ந்து வேலையைத் தொடங்கியவர் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

பட்டம் பதவி விஷயத்தில் மட்டும் சமன் இருக்கவில்லை. லீஷ்மனுக்கு 1909-ல் சர் பட்டம் வந்தது. பிரிட்டிஷ் இராணுவ மருத்துவத் துறையின் தலைமைப் பதவி வரைக்கும் போனார். டோனவனுக்குச் சர் பட்டம் கிடைக்கவேயில்லை.

லீஷ்மனின் ஊகம் முழுக்கப் பிசகு என்றும் சொல்ல முடியாது. 1904-ல் கல்கத்தாவில் ராஜர்ஸ், காலா அஸார் நோயாளியின் மண்ணீரல் இரத்தத்தைச் சிட்ரேட் கலந்து குளிர்ச்சியான இடத்தில் வைத்துப் பார்த்தார். உருண்டைகள் நீண்டு, வால் முளைத்து, நீந்தத் தொடங்கின. ட்ரிப்பனோசோமின் ஒன்றுவிட்ட தம்பிதான் இது என்று தெரிந்தது. மனித உடலின் சூட்டில் உருண்டை. வெளியே குளிர்ச்சியில் வாலுள்ள உருவம். அப்படியானால் ஏதோ ஒரு பூச்சியின் வயிற்றில்தான் இதற்கு மறுபாதி வாழ்க்கை இருக்க வேண்டும்.

எந்தப் பூச்சி? இங்கே சென்னை மறுபடி கதைக்குள் வருகிறது, இந்தத் தடவை வழிதவறி. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இருந்த பேட்டன், மூட்டைப்பூச்சியைப் பிடித்துக்கொண்டார். ஜார்ஜ் டவுனில் காலா அஸார் குறிப்பிட்ட சில தெருக்களிலும் வீடுகளிலும் திரும்பத் திரும்ப வந்தது. அந்த வீடுகளில் மூட்டைப்பூச்சிக்குப் பஞ்சமில்லை. நோயாளிகளைக் கடிக்கவிட்ட பூச்சிகளின் வயிற்றை அறுத்துப் பார்த்ததில், கிருமி வால் முளைத்து வளர்வதையும் கண்டு 1907-ல் எழுதினார். எல்லாம் பொருந்துவதுபோலவே இருந்தது. ஆனால் மூட்டைப்பூச்சியிலிருந்து நோய் இன்னொருவருக்குத் தொற்றியதை யாராலும் காட்ட முடியவில்லை. டோனவனுக்கும் வேறொரு இரத்தம் குடிக்கும் பூச்சிமேல் சந்தேகம் இருந்தது, அதுவும் நிரூபணமாகவில்லை. பேட்டன் உழைப்பு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். நோய் ஒரு நபரோடு நடக்கவில்லை, ஒரு வீட்டோடு ஒட்டியிருக்கிறது என்று தெரு தெருவாக அலைந்து காட்டியது பெரிய காரியம்.

உண்மையான குற்றவாளி மணல் ஈ. கொசுவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. கொசுவலையின் கண்ணுக்குள்ளேயே நுழைந்துவிடும். மண்சுவர் வெடிப்பு, மாட்டுக்கொட்டில் ஈரம், இவைதான் அதன் இடம். 1924-ல் கல்கத்தாவில் நோல்ஸும் நேப்பியரும் ஸ்மித்தும் மணல் ஈயின் வயிற்றில் கிருமி செழித்து வளர்வதைப் பார்த்தார்கள். ஆனால் கடித்து நோயைக் கொடுப்பதைக் காட்ட மேலும் 18 வருஷம் ஆனது. ஒரு தடவை இரத்தம் குடித்த ஈ, இரண்டாம் தடவை கடிக்கும்வரை சோதனைச்சாலையில் உயிரோடு நிற்பதில்லை. தீர்வு மிகச் சாதாரணமான பொருளில் கிடைத்தது: உலர்திராட்சை. இரத்தம் குடித்தபின் ஈக்களுக்குத் திராட்சைச் சாறு கிடைத்தால் அவை பிழைத்துக்கொண்டன. கிருமியும் பெருகி அவற்றின் தொண்டையையே அடைத்துக்கொண்டது. இந்த ஈக்களை அஸ்ஸாமில் தாமாக முன்வந்த மனிதர்கள்மேல் கடிக்கவிட்டு, நோய் தொற்றுவதை 1942-ல் சி. எஸ். சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் நிறுவினார்கள். டோனவனின் ஊசிக்கும் இதற்கும் இடையே 39 வருஷம்.

மருந்தின் கதை சென்னைக்கு வெளியே நடந்தது. சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 1915-ல் ஆன்டிமனி உப்பு ஓரளவு வேலை செய்வது தெரிந்தது. ஆனால் நோயாளி படாதபாடு பட வேண்டும். கல்கத்தா கேம்பெல் மருத்துவப் பள்ளி ஆஸ்பத்திரியில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, மின்சாரமோ தண்ணீர்க் குழாயோ இல்லாத ஒரு சிறிய அறையில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு, யூரியா ஸ்டிபமைன் என்ற சேர்மத்தை உண்டாக்கினார். 1920-களில் அது அஸ்ஸாமுக்குப் போனது. பத்தில் ஒன்பது பேர் இறந்த நோயில், பத்தில் ஒன்பது பேர் பிழைக்கத் தொடங்கினார்கள். அதுவும் ஒரு பள்ளியும் ஆஸ்பத்திரியும் ஒட்டியிருந்த இடத்தில் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

டோனவன் 1903-ஓடு நின்றுவிடவில்லை. 1905-ல் பெரியாஸ்பத்திரி ஊழியர் ஒருவரின் புண்ணிலிருந்து எடுத்த பூச்சில் இன்னொரு புதுக் கிருமியைக் கண்டார். பால்வினை நோய்களில் ஒன்றுக்கு அதுதான் காரணம். அந்த உருண்டைகள் இன்றும் டோனவன் உருண்டைகள் என்றே அழைக்கப்படுகின்றன. இப்போதும் கையில் இருந்தது அதே முறைதான்: கண்ணெதிரே இருக்கும் நோயாளி, ஒரு தகடு, பொறுமை. இராயப்பேட்டை ஆஸ்பத்திரி தொடங்கியபோது அதன் முதல் கண்காணிப்பாளர் அவர்தான். 1919-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். கிளாஸ்டர்ஷயரில் ஒரு கிராமத்தில் குடியிருந்தார். இளவயதிலிருந்தே வண்ணத்துப்பூச்சிப் பித்து. அயர்லாந்தின் வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் வகைப்படுத்தி 1936-ல் பட்டியல் நூல் ஒன்றும் வெளியிட்டார். 1951-ல் இறந்தார்.

லீஷ்மன் 1901-ல் உருவாக்கிய சாயம் நம் ஊர் ஆஸ்பத்திரி ஆய்வகங்களில் இன்றும் புட்டியில் நிற்கிறது. இரத்தப் பூச்சுப் பார்க்கும் டெக்னீஷியனுக்கு அந்தப் பெயர் அன்றாடப் பழக்கம். டோனவனின் பெயர் அந்த அளவுக்குப் புழங்கவில்லை. அவர் பாடம் நடத்திய கல்லூரி வளாகத்திலாவது, ஜூன் 17-ஆம் தேதியைப் பற்றி, அந்த 12 வயதுச் சிறுவனையும் சேர்த்து, வருகிற மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நோயாளியிடம் சம்மதம் கேட்பது ஏன் முக்கியம் என்பதையும் அதே வகுப்பில் சொல்லலாம்.

டோனவன் வார்டு பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1907-ல், புதுக்கோட்டையிலிருந்து 21 வயதுப் பெண் ஒருவர் இந்தக் கல்லூரியில் வந்து சேர்ந்தார். ஆண்கள் பள்ளியில் படிக்கவே மகாராஜாவின் அனுமதி தேவைப்பட்டவர் அவர். முத்துலட்சுமி என்ற அந்த மாணவியின் ஐந்தாண்டுகளை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)